வயதான நாயை இரவில் உறங்கவைக்க

பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு 2 மணிக்கு வீட்டைச் சுற்றிவருகிறதா உங்கள் கிழட்டு நாய்? திட்டிப் பயனில்லை. மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் நரம்பணுக் கூட்டம்தான் உடலின் தலைமைக் கடிகாரம். வயதாக ஆக அதன் பகல்-இரவுச் சைகை தேய்கிறது. கண்வில்லையும் தடித்துப் போவதால் அந்தக் கடிகாரத்துக்கு எட்டும் ஒளி இன்னும் குறைவு. ஆகவே பகலை வெளிச்சமாக்கி இரவை இருட்டாக்க வேண்டும். சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டுமே அரைகுறை: பகலில் திரை மூடியிருக்கும், இரவில் தாழ்வார விளக்கு விடிய விடிய எரியும்.

முதலில் ஒரு வாரம், தூங்கிய, எழுந்த, சிறுநீர் கழித்த நேரங்களைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு எல்லாமே நாயை இரவில் எழுப்பும். வலி இருக்கும்போது விளக்கை மாற்றி என்ன ஆகப்போகிறது?

பிறகு காலை ஒளி. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டியே உதிப்பதால் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளலாம். 7.45க்குக் கீழே இறக்கி 20 நிமிடம் நடத்துங்கள். புளோக் கீழ்த்தளத்தின் கூரைக்கடியில் சுற்றுவது கணக்கில் சேராது. வானம் தெரிய வேண்டும். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது, வெளியே அதைப்போலப் பல மடங்கு. வெயில் ஏறினால் நடைபாதை பாதத்தைச் சுடும், தாமதிக்காதீர்கள். பகலில் படுக்கையைச் சன்னலோரம் போடுங்கள்.

இரவு 8க்கு விளக்குகளைக் குறையுங்கள். 10 மணிக்குக் கடைசியாக வெளியே கூட்டிப்போய்விட்டு, தாழ்வாரப் பக்கச் சன்னலுக்குத் தடித்த திரை. கும்மிருட்டு மட்டும் வேண்டாம்: பார்வை மங்கிய நாய் முட்டிக்கொண்டு மிரளும். தண்ணீர்க் கிண்ணத்தருகே தரையோரம் ஒரு சிறு செம்மஞ்சள் விளக்கு போதும்.

சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதானால் 3 நாளுக்கு 15 நிமிடம் வீதம் நகர்த்துங்கள். கிழட்டு உடலுக்குத் திடீர் மாற்றம் ஆகாது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளி நேரத்தை வாரந்தோறும் 6 மணிநேரம் முன்னே தள்ளியபோது வயதான சுண்டெலிகள் அதிகமாக இறந்தன, இளசுகள் தாங்கிக்கொண்டன.

வழக்கமான தவறுகள்: நள்ளிரவில் குரைத்தால் பிஸ்கட் கொடுப்பது (மறுநாளும் அதே நேரத்துக்கு எழும்), சிறுநீருக்குப் பயந்து தண்ணீரை எடுத்துவிடுவது (சிறுநீரகம் கெட்ட நாய்க்கு ஆபத்து). மனிதர்கள் தூக்கத்துக்குச் சாப்பிடும் மெலட்டோனின் மிட்டாய்களையும் கொடுக்காதீர்கள்; சிலவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு நஞ்சு.

3 வாரத்தில் முன்னேற்றம் இல்லாமல், வீட்டு மூலையில் போய் நின்று விழிக்கவும் செய்தால், அது மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். குறிப்பேட்டுடன் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.