நியானையும் ரேமையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் எங்கள் வீட்டு மீன் தொட்டி 100 லிட்டர். முதன்முதலில் அதில் விட்டது பத்து நியான் டெட்ரா மீன், ஒரு ஜோடி ரேம் மீன். கடையில் பார்க்கும்போது நிறம் கண்ணைப் பறித்தது, வாங்கிவிட்டேன். சூட்டை யோசிக்கவே இல்லை. நியானுக்கு 21 முதல் 25 டிகிரி வரை போதும். வெனிசுவேலா, கொலம்பியா புல்வெளி ஓடைகளில் பிறந்த ரேமுக்கோ 27க்கு மேல் வேண்டும். நடுவாக 26 வைத்தேன். ரேம் தீனியை மறந்து மூலையில் ஒதுங்கியது, நியான்கள் ஒவ்வொன்றாகப் போயின.

ரேம்தான் ஆசை என்றால் துணைக்குக் கார்டினல் டெட்ராவை விடுங்கள். நியானின் அக்கா மாதிரி இருக்கும். சிவப்பு மட்டும் வயிறு முழுக்க ஓடும், 28 டிகிரியையும் தாங்கும். நியான்தான் வேண்டுமென்றால் குளிர்ச்சியை விரும்பும் அபிஸ்டோகிராமா போரெல்லி என்ற சிறு மீன் சரியாக வரும். எதுவானாலும் டெட்ராவை எட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். செர்ப்பே டெட்ரா மட்டும் வேண்டாம், அடுத்த மீனின் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

அபிஸ்டோகிராமா ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் குகை வேண்டும், கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டையே போதும். முட்டையைக் காக்கும்போது பெண் பளிச்சென்று மஞ்சளாகி, வருவோர் போவோரையெல்லாம் விரட்டும். அதனால் உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டிதான் நல்லது.

அப்புறம் தண்ணீர். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அது பலிக்காது. இங்கே தண்ணீர் தரும் ராண்ட் வாட்டர் நிறுவனம் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறது, அது அப்படி ஆவியாகிப் போகாது. குளோரமினையும் முறிக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தைத்தான் வாங்க வேண்டும். சாதாரண மருந்து குளோரமினை உடைத்து, அமோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். புதுத் தொட்டியில் அந்த அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ரேம் பக்கமே போகாதீர்கள்.

தீனிக்கு உறைந்த ரத்தப்புழு நல்லது, வாரம் இரண்டு தடவை போதும். புரட்டாசியில் அசைவமே நுழையாத எங்கள் ஃபிரீசரில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து, "இது யாருக்குடா?" என்று அம்மா கேட்டது தனிக்கதை.

ஜூன், ஜூலை ராத்திரிகளில் இங்கே குளிர் பூஜ்யம் வரை இறங்கும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் இருக்கட்டும். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, முன்போல இல்லை, ஆனால் கரண்ட் போகாத வீடு எது? போனதும் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், பேட்டரி காற்று பம்ப்பைப் போடுங்கள். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டியை) அப்படியே ஓடவிட்டால், உள்ளே செத்து அழுகியதெல்லாம் மீன் மேல் கொட்டும். முதலில் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.