அந்த மின்னோட்டம் யாருடையது? மலிவான ஆக்சிஜன் வினையூக்கிகளை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரத்தால் நீரைப் பிளக்கும்போது அதிகம் அடம்பிடிப்பது ஆக்சிஜன்தான். ஒரு மூலக்கூறு வெளிவர நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும்; 1.23 வோல்ட் என்ற ஏட்டுக்கணக்குக்கு மேல் இன்னும் சில நூறு மில்லிவோல்ட்டை (இதுதான் மிகை மின்னழுத்தம்) கொட்டி அழ வேண்டியிருக்கிறது. இந்த வினையை வேகப்படுத்தும் இரிடியமும் ருத்தேனியமும் விலையில் கட்டுப்படியாகாது. அதனால்தான் நிக்கல், கோபால்ட், இரும்புச் சேர்மங்களைக் கார்பனோடு சேர்த்த கூட்டு வினையூக்கிகளுக்கு இத்தனை மவுசு. தயாரிப்பதில் பலரும் தேர்ந்துவிட்டார்கள், சறுக்குவது அளப்பதில். வேறொன்று செய்த வேலைக்குத் தங்கள் பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

முதல் சந்தேகம் இரும்பின் மேல் வர வேண்டும். சோதனைக்கு எடுக்கும் காரக் கரைசலான சாதாரணப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு மாசு இருக்கும். நிக்கல் படலம் அதை உறிஞ்சிக்கொண்டு வேகமெடுக்கும். இதை 1987-இலேயே ஆய்வாளர் கோரிகன் எழுதிவிட்டார். 2014-இல் வேதியியலாளர் பாய்ச்சரின் குழு மீண்டும் அழுத்தமாகக் காட்டியது. அப்படியும் “எங்கள் நிக்கல் வினையூக்கி பயன்படுத்தப் பயன்படுத்த மேம்படுகிறது” என்ற மகிழ்ச்சிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுழற்சிக்குச் சுழற்சி மின்னோட்டம் கூடி, வரைபடத்தில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற முகடு உயர் மின்னழுத்தப் பக்கம் நகர்ந்தால், அநேகமாக இரும்பு உள்ளே புகுந்துவிட்டது. தூய நிக்கல் ஹைட்ராக்சைடுத் தூளைக் காரக் கரைசலில் போட்டுக் குலுக்கி, படியவிட்டு, தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டால் மாசு பெருமளவு நீங்கும். கலம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அடர்காரம் கண்ணாடியையே அரித்துவிடும்.

அடுத்தது கார்பன். ஆக்சிஜன் வெளியேறும் மின்னழுத்தத்தில் கார்பனும் ஆக்சிஜனேற்றம் அடையும். கார்பனின் ஒரு வடிவமான கிராபீன் மெல்லக் கரியும் மின்னோட்டத்தைக் கருவி பிரித்துச் சொல்லாது. வெளிவரும் ஆக்சிஜனை வாயுப் பகுப்பாய்வில் அளந்து, செலுத்திய மின்னூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு கூட்டுப்பொருளைப் புகழ்வது அவசரம். மின்னிரட்டை அடுக்கின் தேக்குதிறனை, அதாவது மின்முனையின் மேற்பரப்பு தேக்கும் மின்னூட்டத்தை வைத்துச் செயல்பரப்பைக் கணக்கிடும்போதும் இதே சிக்கல்: வினையில் பங்கில்லாத கார்பனின் பரப்பும் கணக்கில் ஏறிவிடும்.

துளைகள் நிறைந்த உலோகமான நிக்கல் நுரைமேல் பூசி, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் எளிதில் வந்தது என்பதில் பெருமைப்பட ஏதுமில்லை. நுரையின் உண்மைப் பரப்பு வெளிப்பரப்பைவிடப் பல மடங்கு. வெறும் நுரையை அதே கரைசலில், அதே நேரம் ஓட்டிப் பார்த்த வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். மீள் ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால் சுமார் 1.35 முதல் 1.45 வோல்ட் வரை நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடைவதால், மிகை மின்னழுத்தத்தை, மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும் இறங்குமுக வரைபடத்திலோ நிலையான மின்னோட்டத்திலோ படிப்பது நல்லது.

கரைசலின் மின்தடையில் வீணாகும் மின்னழுத்தத்தைக் கழிக்கும் திருத்தமும் கவனிக்க வேண்டியது. 10 மில்லிஆம்பியரில் 1 ஓம் என்பது 10 மில்லிவோல்ட்தான். 500 மில்லிஆம்பியரில் அதுவே அரை வோல்ட். திருத்தாத வரைபடத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனையாக, காரத்தில் வெள்ளி குளோரைடைத் தவிர்த்து, பாதரச ஆக்சைடு மின்முனையைப் பயன்படுத்துங்கள்.

சல்பைடு, பாஸ்பைடு, செலினைடு என்று தலைப்பில் எழுதும் முன், சோதனை முடிந்த மின்முனையை எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு பெரும்பாலும் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறியிருக்கும். அப்போது வினையூக்கி அதுதான். நீங்கள் தயாரித்தது அதன் மூலப்பொருள்.