லிப்ரேஆபீஸுக்குப் பங்களிக்கக் கிளம்புகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸுக்கு ஏதாவது செய்யணும் என்று கிளம்புகிற பலர் எடுத்த எடுப்பில் சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) இறக்கிவிடுகிறார்கள். அதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் முதல் பில்டு முடியவே பல மணி நேரம் ஆகலாம், பழைய லேப்டாப் என்றால் ராத்திரி முழுக்க ஓடும், காலையில் எழுந்து பார்த்தால் எரர், அத்தோடு ஆர்வமும் போச்சு. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள்கூட முதலில் பிழைகளைப் பதியும் பக்ஸில்லா பக்கம் போவது நல்லது. மென்பொருள் எங்கே உதைக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

ஆனால் அங்கேயும் நன்றாகவே சொதப்பலாம். அதன் விரிதாள் பகுதியைப் பற்றி "கால்க் வேலை செய்யல" என்று ஒரு வரி எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு (ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்தால் அந்த விவரத்தைக் காப்பி பண்ணவே ஒரு பட்டன் இருக்கு), எதை எதை அழுத்தினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இவ்வளவும் வேண்டும். கூடவே பிழையைக் காட்டும் ஒரு கோப்பு. அதற்காகச் சம்பளப் பட்டியலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள், அங்கே இணைத்ததை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். சொந்தக்காரர்களின் பெயரும் போன் நம்பருமாக இருந்த மொய்க் கணக்கை நானே ஏற்றப் போய்க் கடைசி நொடியில் நிறுத்தினேன்.

அப்புறம், பதிவதற்கு முன் சேஃப் மோடில் (உங்கள் அமைப்புகளை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் முறையில்) ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் யூசர் புரொஃபைல் கெட்டுப்போய் வரும் கோளாறை மென்பொருளின் பிழை என்று நினைப்பது ரொம்ப சகஜம். உங்களிடம் இருப்பது அப்பாச்சி ஓபன்ஆபீஸா என்றும் பாருங்கள். ஒரே மென்பொருளாகத் தொடங்கிய இரண்டுக்கும் 2010இலேயே பாதை பிரிந்துவிட்டது, இன்னமும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தமிழாக்கம் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது. மெஷின் கொடுத்ததை ஒட்டினால் ஆவணம் எழுதும் ரைட்டரில் 'டேபிள்' மேசையாகிவிடும், அது அட்டவணை. ஏற்கெனவே மெனுவில் என்ன சொல் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சதவீதக் குறியோடு வரும் சொற்களையும் கோண அடைப்புக்குள் வரும் டேக்குகளையும் மொழிபெயர்க்கவே கூடாது, சதவீதக் குறிச் சொற்களின் இடத்தில் மென்பொருளே வேறொன்றை நிரப்பிக்கொள்ளும், டேக்குகள் வடிவமைப்பு, இணைப்பு போன்றவற்றைச் சொல்பவை.

சரி, கோடுதான் எழுதுவேன் என்றால் புதியவர்களுக்காக 'ஈஸி ஹேக்' என்று குறித்து வைத்த பிழைகளில் ஒன்றை எடுங்கள். கிட்ஹப்பில் இருப்பது வெறும் நகல், அங்கே புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், நீங்கள் செய்த மாற்றமான பேட்ச் போக வேண்டிய இடம் கெரிட் என்ற பரிசீலனைத் தளம். உங்கள் கோடை அவர்களின் உரிமத்தில் தருகிறேன் என்று ஒரு மெயிலும் அனுப்ப வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.