மாலத்தீவில் முங்கப் போகிறவர்களுக்கு: எந்தச் சுறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

உவரியில் பிறந்தவனுக்குச் சுறா என்றால் முதலில் நினைவுக்கு வருவது புட்டுதான். வெந்நீரில் போட்டெடுத்து, தோல்மேல் இருக்கும் மணலைச் சுரண்டி, சதையை உதிர்த்து, சின்ன வெங்காயத்தோடு ஆச்சி கிண்டுவாள். பிள்ளை பெற்றவளுக்கென்றால் பால்சுறா. நான் மாலத்தீவுக்கு டைவ் கைடாக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே 2010-லேயே சுறா பிடிக்க முழுத் தடை போட்டுவிட்டார்கள். "ஏலே, சும்மா பாக்கதுக்கா துட்டு குடுக்கானுவ?" என்று அப்பா இன்னும் கேட்கிறார்.

வள்ளியூர், பாளையங்கோட்டைப் பையன்கள்கூட இப்போது திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். மேலே வந்து வாய்க்குழலைக் கழற்றியதும் முதல் கேள்வி, "அண்ணே, அது என்ன சுறா?" தண்ணீருக்குள் நான் பேச முடியாது. நெற்றியில் கையைச் செங்குத்தாக வைத்துக் காட்டுவேன், "சுறா" என்று அர்த்தம். எது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பல்லைத் தேடாதீர்கள், தெரியாது. எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, துடுப்பின் ஓரம் என்ன நிறம், வால் எப்படி, இந்த மூன்றும் போதும்.

படகுத்துறையில் முழங்கால் தண்ணீரிலேயே குட்டிகளாகத் திரிவது கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனியை மையில் தோய்த்தது மாதிரி இருக்கும், அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. நீங்கள் காலை வைத்தால் அதுதான் ஓடும்.

பாறை இடுக்கில் படுத்துக் கிடந்தால் அநேகமாக வெண்முனைச் சுறா. சுறா நீந்திக்கொண்டே இருக்காவிட்டால் செத்துவிடும் என்பார்களே, அது இதற்குப் பொருந்தாது. வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விட்டுக்கொண்டு பகலெல்லாம் கிடக்கும், ராத்திரிதான் வேட்டை. முதுகுத் துடுப்பிலும் வாலிலும் நுனியில் மட்டும் வெள்ளை. வெள்ளை எல்லாத் துடுப்பின் ஓரத்திலும் ஓடி, ஆளும் பெருத்து, ஆழத்திலிருந்து ஏறி வந்தால் அது வெள்ளிமுனைச் சுறா, வேறு ஜாதி. குகைக்குள் ஒன்று படுத்திருந்தால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மூக்கடியில் இரண்டு மீசை, ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு முதுகுத் துடுப்பு, பழுப்பு நிறம் என்றால் நர்ஸ் சுறா. மூன்று மீட்டர்வரை வளரும். சாதுவாகத்தான் இருக்கும். வந்த புதிதில் ஒன்று என்னை ஒட்டிப் போகும்போது வால்பக்கமிருந்து தலைப்பக்கமாகத் தடவினேன். விரல் முட்டி இரண்டும் உப்புத்தாளில் தேய்த்தது மாதிரி உரிந்துவிட்டது. ஆச்சி சுரண்டிய அதே மணல்! தலையிலிருந்து வால்பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் அரம். எந்தப் பக்கமும் தடவ வேண்டாம் என்பதுதான் இப்போது நான் சொல்வது.

சரி, சாம்பல் சுறாவுக்கு வருவோம். வாலின் பின்னோரம் முழுக்கக் கரி பூசினாற்போல் இருக்கும். பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல் உள்ளே புகும் வாய்க்கு இங்கே "கந்து" என்று பெயர். வெளிக்கடலிலிருந்து நீரோட்டம் உள்ளே வரும் நேரம் பார்த்து இறங்கினால், அந்த வாயில் கூட்டமாக நிற்கும், வாலைக்கூட அதிகம் ஆட்டாது. நீங்கள் உயிரில்லாத பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு மூச்சைச் சீராக விட்டு இருந்தால், அவை தானாகப் பக்கத்தில் வரும். துரத்தினால்தான் வம்பு. ஒரு தடவை கேமரா வைத்திருந்த ஒருவர், ஒரு சுறாவைப் பாறைச் சுவர் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போனார். அது முதுகைக் கூனி, மூக்கை மேலே தூக்கி, பக்கத் துடுப்பு இரண்டையும் கீழே இறக்கி, உடம்பு மொத்தத்தையும் முறுக்கி முறுக்கி நீந்த ஆரம்பித்தது. சண்டைக்கிடா முட்டுவதற்கு முன் தலையைத் தாழ்த்துமே, அதுதான். அவர் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அதைப் பார்த்த நொடியே ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்துங்கள், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி வெளியேற வழி விடுங்கள்.

புலிச்சுறாவுக்குத் தெற்கே ஃபுவஹ்முலா போக வேண்டும். துறைமுகத்தில் மீன் கழிவைக் கொட்டிக் கொட்டியே அங்கே பழகிவிட்டவை அவை. மழுங்கிய மூக்கு, அகலமான தலை. கோடு குட்டிக்குத்தான் பளிச்சென்று இருக்கும், வயதாக ஆக மங்கிவிடும். அதனால் கோட்டை நம்ப வேண்டாம். கறுப்புக் கையுறை போடுங்கள், வெறும் உள்ளங்கை மீன் துண்டு மாதிரி மினுங்கும். கையை மார்போடு கட்டி, நிமிர்ந்த நிலையில், கூட்டத்தை விட்டுப் பிரியாமல் இருங்கள். அவசரமாக மேலே ஏறக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும்: தட்டு மாதிரி உருண்டையான கறுத்த கண் உங்களைத் தாண்டிப் போகும்போது தலையையும் அதோடு திருப்புங்கள். முதுகை மட்டும் காட்டாதீர்கள்.

அதே தீவில் விடியும் நேரம் இறங்கினால், உடம்பு நீளத்துக்கு வால் வைத்திருக்கும் கசைவால் சுறாவைப் பார்க்கலாம். கொம்பன் சுறாவுக்கு விளக்கமே வேண்டாம். சுத்தியல் மாதிரி இருக்கும் அதன் தலையை எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திமிங்கலச் சுறா தெற்கு ஆரி என்ற தீவுக்கூட்டத்தில் வருஷம் முழுக்க வரும். பெரும்பாலும் சிலிண்டர்கூட வேண்டாம், மேலே மிதந்தபடி பார்க்கலாம். உடம்பிலிருந்து மூன்று மீட்டராவது, வாலிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி இருங்கள். செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. அந்த இடத்தைப் படம் எடுத்தால் எந்தச் சுறா என்று ஆராய்ச்சிக்காரர்கள் பேரே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக முங்கி எழுந்து 18 மணி நேரமாவது ஆன பிறகுதான் விமானம் ஏற வேண்டும். அந்த ஒரு நாளில் மாலே சந்தைக்குப் போய் மாசி வாங்கிக்கொள்ளலாம்.