கொல்லையைச் சீராக்க மூன்று பட்ஜெட்: சும்மா, 5,000, 25,000

உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல், துருப்பிடித்த தகரம், பழைய டயர் எல்லாம் கடைசியில் கொல்லைப்பக்கம்தான் போய்ச் சேரும். துணி காயப் போடவும் பாத்திரம் தேய்க்கவும் போவோம், மற்ற நேரம் கதவைச் சாத்தி வைத்துவிடுவோம்.

எங்கள் கொல்லை 20 அடி நீளம், 14 அடி அகலம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண். மழை வந்தால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். "மொத்தமா சிமெண்ட் போட்டுடுவோம் சார், தொல்லையே இருக்காது" என்றார் கொத்தனார். போட்டோம். ஐப்பசி மழையில் தண்ணீர் அடுக்களைப் படி வரை ஏறி நின்றது, ஏனென்றால் தரையின் வாட்டம் வீட்டைப் பார்த்து இருந்தது. சித்திரையில் அதே தளம் தோசைக்கல்லாகச் சுட்டது. பிறகு காசு கொடுத்து முக்கால்வாசியை உடைத்தெடுத்தோம்.

அதனால் சொல்கிறேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்த வேலைக்குக் காசே வேண்டாம்.

காசில்லாமல்: இரண்டு ஞாயிற்றுக்கிழமை

முதலில் குவியலைக் கலையுங்கள். செங்கல், தகரம், விறகுக் குவியலில் வெறும் கையை விடவே கூடாது. ஷூ போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், நீளமான கம்பால் தட்டிவிட்டுப் பிறகு புரட்டுங்கள். பாம்பைப் பார்த்தால் வீரம் காட்டாமல் விலகி வந்து, தீயணைப்புத் துறைக்கு 101-ல் போன் செய்யுங்கள். இரும்பும் பிளாஸ்டிக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். எனக்கு 640 ரூபாய் கிடைத்தது. உடைந்த செங்கலை மட்டும் எறிய வேண்டாம், பின்னால் தேவைப்படும். தண்ணீர் தேங்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏழெட்டு நாள் போதும்.

அடுத்தது மழைக்குக் காத்திருப்பது. நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு கிண்ணம் கோலமாவோடு கொல்லைக்குப் போங்கள். எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அந்தக் குட்டையின் ஓரத்தில் மாவால் கோடு போடுங்கள். அரை மணி கழித்துப் போய், சுருங்கிய குட்டையைச் சுற்றி இன்னொரு கோடு. கோடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம். என் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "ஆம்பளைப் பிள்ளை மழையில கோலம் போடுது" என்று சிரித்தார். ஆனால் அந்தக் கோடுகளைப் போட்டோ எடுத்து வைத்ததுதான் பின்னால் கொத்தனாரிடம் பேசும்போது கைகொடுத்தது. மழைக்காலம் இல்லையென்றால் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், சரிதான். ஆனால் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரின் வேகம் அதில் தெரியாது.

மண்ணையும் சோதியுங்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் கவலை இல்லை. ராத்திரி நிரப்பியது காலையிலும் நின்றால் உங்களுடையதும் எங்கள் மாதிரிக் களிமண்தான். நிலம் தானாகக் குடித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

இனி மண்வெட்டி. சுவரை ஒட்டிய மண் மேடாகவும், அங்கிருந்து தள்ளிப்போகப் போகத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். 5 அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் போதும். 20 அடி நீளத்துக்கு மொத்தம் 4 அங்குலம். தாழ்ந்த மூலையில் வாழை வைத்துவிட்டால் வருகிற தண்ணீரை அது பார்த்துக்கொள்ளும். 2003-லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், உங்கள் வீட்டிலும் பெயருக்கு ஒரு தொட்டி இருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள். எங்களுடையதில் கிரிக்கெட் பந்து மூன்று இருந்தது. அதற்குள் கூரைத் தண்ணீர் மட்டும்தான் போக வேண்டும், அடுக்களைத் தண்ணீர் போகவே கூடாது.

செடிக்கும் காசு வேண்டாம். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையின் வேரிலிருந்து முளைத்த கன்று, கற்பூரவள்ளிக் கிளை, செம்பருத்திக் குச்சி, வாழையின் பக்கக்கன்று என்று தெருவில் கேட்டாலே போதும். துணிக்கொடிக்கு அருகில் மட்டும் வாழை வேண்டாம். அந்தக் கறை வெள்ளை வேட்டியில் பட்டால் வேட்டி ஆயுசுக்கும் போகாது. முருங்கையையும் சுவரை ஒட்டி நடாதீர்கள். காற்றில் கிளை முறியும், கம்பளிப்பூச்சி ஜன்னல் வழியாக உள்ளே வரும். காய்க்காகத்தான் என்றால் போத்து (வெட்டிய கிளை) நடுவதைவிட, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1 ரக முருங்கை விதை நல்லது. ஆறேழு மாதத்தில் காய்க்கும், வெட்டிவிட்டுக் குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம்.

5,000 ரூபாய்: அடுக்களைத் தண்ணீருக்கு ஒரு வழி

இந்தப் பணத்தை அழகுச் செடிக்கும் பெயிண்ட் அடித்த தொட்டிக்கும் செலவழிக்க ஆசை வரும். வேண்டாம். முதலில் அடுக்களைத் தண்ணீர் தேங்கி வரும் நாற்றத்தை ஒழியுங்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி, கிணறு இருந்தால் அதிலிருந்தும் நன்றாகத் தள்ளி, 3 அடி நீள அகல ஆழத்தில் குழி. அடியில் ஒரு அடிக்கு, எடுத்து வைத்த உடைந்த செங்கல். அதற்கு மேல் ஒரு அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அப்புறம் அரை அடி சின்ன ஜல்லி, மேலே அரை அடி மணல். சுற்றிலும் மூன்று வாழை, இடைவெளியில் கல்வாழை.

குழாயை நேராகக் குழிக்குள் விட்டால் மூன்றே மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மணலை அடைத்துவிடும். இதை நான் அனுபவித்தேன். குழாய் வாயில் ஒரு பழைய பெயிண்ட் வாளியை வையுங்கள். அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, உள்ளே தேங்காய் நார். சோற்றுப் பருக்கையும் பிசுக்கும் நாரில் தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாரை எடுத்து உர வாளியில் போட்டுவிட்டுப் புதிதாக அடைத்தால் போதும்.

ஜல்லி, மூன்று அங்குலப் பிவிசி குழாய், ஒரு நாள் ஆள் கூலி, புதுத் துணிக்கொடி, மழைக்குத் தாங்கும் ஒரு விளக்கு எல்லாம் சேர்த்து எனக்கு 4,300 ஆயிற்று. உங்கள் ஊரில் கூலி வேறாக இருக்கும். விளக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், ராத்திரி காலடி தெரிய வேண்டும்.

25,000 ரூபாய்: நடக்க, துவைக்க, உட்கார

இப்போது தரை. முழுத் தரை அல்ல, 3 அடி அகலத்தில் 20 அடிக்கு ஒரு நடைபாதை. 60 சதுர அடி கடப்பா கல். பாலிஷ் போட்டது பார்க்க அழகு, ஈரத்தில் எலும்பு முறியும்; சொரசொரப்பானதைக் கேட்டு வாங்குங்கள்.

கல்லுக்கு அடியில் 3 அங்குலம் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்து அரைத்த மணல். 60 சதுர அடிக்கு அது 15 கன அடிதான். கடைக்காரர் "அரை யூனிட் இறக்கிடவா?" என்பார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அரை யூனிட் வாங்கினால் மிச்சம் வாசலில் பூனைக்கு. சிமெண்ட் சாக்கில் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், 12 சாக்கு போதும்.

வாட்டத்தைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும்: கண்ணாடி மாதிரித் தெரியும் நீளக் குழாயில் தண்ணீர். ஒரு முனையை வாசற்படியிலும் மறுமுனையைக் கோடியிலும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை டேப் பிடித்து அளந்தால், கோடியில் 4 அங்குலம் கூடுதலாக வர வேண்டும். நீங்களே ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேலை தானாக ஒழுங்காக நடக்கும். கற்களுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு மணலால் நிரப்பச் சொல்லுங்கள். சிமெண்ட் பூசினால் தண்ணீர் இறங்காது.

துவைக்கிற கல்லைச் சுற்றி 5-க்கு 4 அடியில் விளிம்பு கட்டிய சின்னத் தளம், அதன் தண்ணீர் வாழைக் குழிக்கு. அதற்கு மேலே தகரக் கூரை. எங்கள் செலவில் கிட்டத்தட்டப் பாதி இந்தக் கூரைக்கே போயிற்று. பணம் இழுத்தால் நான்கு கம்பம் நட்டு, 50 சதவீத நிழல் தரும் பச்சை வலையைக் கட்டி ஒரு வருடம் ஓட்டலாம். உட்கார, மிஞ்சிய கடப்பா கல்லை இரண்டு செங்கல் திண்டின் மேல் வைத்தோம். அம்மா கீரை ஆய்வது இப்போது அங்கேதான்.

கார்த்திகையில் கல்லில் பாசி பிடிக்கும். மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்று ப்ளீச்சிங் பவுடர் போடும் நாளில், வாழைக்குப் போகும் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டு, தண்ணீரை வாளியில் அள்ளித் தெருச் சாக்கடையில் ஊற்றுங்கள்.