மாணவர் ரோபோ குழுவில் வடிவமைப்பாளர் செய்ய வேண்டியவை

இணைப்பாட நடவடிக்கையாக ரோபோ குழுவில் சேரும் மாணவர்கள், நிரல் எழுதுவதை ஒருவரும் பாகங்களைப் பூட்டுவதை இன்னொருவரும் எடுத்துக்கொண்டு, வடிவமைப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிடுவது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அரிதன்று. அப்போது அன்றன்று கைக்குக் கிடைத்த பாகங்களே ரோபோவின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. அதனால் வரும் குறைகளை நிரலால் ஈடுகட்ட முயன்றே பயிற்சி நேரம் கரைந்துபோகிறது. எனவே முதல் நாளிலேயே, ரோபோவின் அளவுகளுக்கும் அவற்றின் காரணங்களுக்கும் பொறுப்பேற்க ஒருவரை நியமியுங்கள். 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டியில், ரோபோ தானாக ஓடிப் பணிகளை முடிக்க வேண்டிய ரோபோமிஷன் பிரிவில் ஒரு குழுவில் இரண்டு அல்லது மூன்று மாணவர்களே இருப்பதால், அவர் மற்ற வேலைகளிலும் கைகொடுக்க வேண்டியிருக்கும். ஆயினும் "இது ஏன் இந்த அளவு?" என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

அவருடைய முதல் வேலை, விதிமுறைகளை அளவுகளாக மாற்றுவது. மேற்சொன்ன பிரிவில், புறப்படும் முன் ரோபோ நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 250 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மின்கம்பிகளும் இந்தக் கணக்கில் சேரும். லெகோ டெக்னிக் பாகங்களில் துளைக்குத் துளை இடைவெளி 8 மில்லிமீட்டர் என்பதால், 31 துளை நீளத்திற்குக் கட்டினால் 248 மில்லிமீட்டர் ஆகிவிடும்; சற்றே பிதுங்கும் ஒரு கம்பிகூட ரோபோவை அளவுச் சோதனையில் தோற்கடித்துவிடும். 29 துளைகளோடு, அதாவது 232 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. புறப்பட்ட பின் ரோபோ விரியலாம் என்பதால், நீண்ட கை வேண்டுமானால் மடங்கி விரியும் கையைத் திட்டமிடுங்கள்.

அடுத்து, கணினி மென்பொருளைத் திறப்பதற்கு முன் அட்டையை எடுங்கள். தூக்க வேண்டிய பொருளின் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியும், பற்றும் கைக்கு இரண்டு அட்டைத் துண்டுகளும் வெட்டி, போட்டிக் களத்தின் விரிப்பின் மீது கையாலேயே நகர்த்திப் பாருங்கள். கை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்க வேண்டும், எங்கே இடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இனி விசையும் எடையும். 12 பற்கள் கொண்ட சக்கரம் 36 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றினால், உராய்வைக் கணக்கில் கொள்ளாதபோது, திருப்புவிசை மூன்று மடங்காகும், வேகம் மூன்றில் ஒன்றாகும். பொருளைத் தூக்கும் கைக்கு இது பொருத்தம். ஓடும் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பேட்டரி முதலிய கனமான பாகங்களைத் தாழ்வாகவும் ஓட்டுச் சக்கரங்களுக்கு அருகிலும் வையுங்கள்; ஓட்டுச் சக்கரங்கள் பின்னால் இருக்க, எடை முன்னே சாய்ந்தால் அவை வழுக்கும், திரும்பும் கோணம் ஒவ்வொரு முறையும் மாறும். நிரல் எழுதுபவர் எண்களை மாற்றி மாற்றிச் சோர்ந்துபோவதற்கு, பல நேரங்களில், சக்கர அச்சில் உள்ள தளர்ச்சியோ இந்த எடைச் சாய்வோதான் காரணம். நிறத்தை உணரும் சென்சாரை விரிப்பிலிருந்து மாறாத உயரத்தில், மண்டப விளக்கின் ஒளி பக்கவாட்டில் படாதவாறு மறைத்து வைப்பதும் வடிவமைப்பாளரின் கடமையே.

போட்டி விதிகள் அனுமதித்தால், சில பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். அதற்குப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள். அடுக்கடுக்காக அச்சிடப்படும் பாகம் அடுக்குகளுக்கு இடையே எளிதில் பிளக்கும் என்பதால், விசை அடுக்குகளைப் பிரித்திழுக்காத வகையில் பாகத்தைப் படுக்கவைத்து அச்சிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, படம், காரணம் ஆகியவற்றுடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். "கையை 16 மிமீ தாழ்த்தினோம், பொருள் நழுவியது நின்றது" என்ற ஒரு வரி, பக்கம் நிறைந்த வர்ணனையைவிட நடுவர்களுக்குத் தெளிவாகப் பேசும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு வடிவத்தை இறுதிசெய்துவிட்டு, அதன் பிறகு உடைந்ததைச் சரிசெய்வதைத் தவிர வேறெந்த மாற்றத்திற்கும் இடம் கொடுக்காதீர்கள்.