கமெராவின் மேல் ஒலிவாங்கி: தனி ஆளாய் நேர்காணல் பதிவோருக்கு ஒரு செய்முறை

இரணைமடுக் கமக்காரரையோ முல்லைத்தீவுக் கடற்றொழிலாளரையோ தேடித் தனியாகப் போகும்போது, கேள்வி கேட்பவரும் படம் பிடிப்பவரும் ஒருவரே என்பதால், கமெராவின் தலையிலேயே பூட்டிவிடக்கூடிய சிறிய ஒலிவாங்கியையே நான் விரும்புகிறேன். அதிலும் தனியே பற்றரி கேட்காமல், கமெராவின் மைக் துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ரோட் வீடியோமைக்ரோ போன்றதே என் தெரிவு. மாங்குளத்திலிருந்து உள்ளே இறங்கிவிட்டால் 9 வோல்ட் பற்றரிக்குக் கடை தேடி அலைய முடியாது.

முதலில் ஒலிவாங்கியை மேற்புறத் தாங்கியில் செருகி இறுக்கி, வயரை மைக் துளையில் குத்தி, அது கமெராவில் உரசாதபடி ஒதுக்கிவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பஞ்சு உறை மட்டும் போதாது. மயிர் உறை கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, தூரம். 18–55 மில்லிமீற்றர் சூம் லென்ஸை 55இல் வைத்து இரண்டு மீற்றர் தள்ளி நின்றாலும், 28இல் வைத்து ஒரு மீற்றர் கிட்ட வந்தாலும், பேசுபவர் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தெரிவார். ஆனால் திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே கிட்டப் போங்கள். எந்த விலையுயர்ந்த ஒலிவாங்கியும் அந்த ஒரு மீற்றரை ஈடுசெய்யாது.

இந்த ஒலிவாங்கி பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்தே கேட்கும். ஏ9 வீதியோ நீர் இறைக்கும் பம்போ கமெராவின் பின்பக்கம் வரும்படி அவரை இருத்துங்கள். காவோலை தொங்கும் பனையடியையும் தகரத் தாழ்வாரத்தையும் தவிருங்கள்.

அடுத்ததில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன. கமெராவின் ஒலி அளவு தானியங்கியில் இருந்தால், பேசுபவர் யோசித்து நிறுத்தும் கணத்தில் கமெரா உணர்திறனை ஏற்றிவிடும். தூரத்துப் பம்பின் இரைச்சல் மெல்ல மெல்ல முன்னுக்கு வரும். அவர் மீண்டும் வாய் திறந்ததும் முதற்சொல் வெடித்துக் கேட்கும். இதைப் பின்னர் திருத்துவது மிகவும் கடினம். எனவே தானியங்கியை நிறுத்தி, கையால் சரிசெய்யும் முறைக்கு மாற்றி, காலையில் என்ன சாப்பிட்டார், வயல் எப்படி என்று கேட்டுப் பேசவைத்து, உரத்த சொல்லில் கமெராத் திரையின் ஒலி அளவுகோல் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். புதியவரிடம் எவரும் சற்று உரத்தே பேசத் தொடங்குவர். 2009ஐப் பற்றிய பேச்சு வரும்போது குரல் தாழ்ந்துவிடும். அப்போது குமிழைத் தொடாதீர்கள். அவருடைய பேச்சை அறுப்பதைவிட, தொகுக்கும்போது ஒலியைக் கூட்டிக்கொள்வது மேல்.

ஹெட்போன் துளை இல்லாத கமெரா என்றால், அரை நிமிடம் பதிந்து, காற்றும் இரைச்சலும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று அங்கேயே போட்டுக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: கைத்தொலைபேசியில் இதே ஒலிவாங்கியைப் பூட்டிய சிலர், குரல் தூரத்தில் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். வயரின் முனையைப் பாருங்கள். கமெராவுக்கான முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். தொலைபேசிக்கு மூன்று வேண்டும். பொருந்தாத வயரைக் குத்தினால், தொலைபேசி எதுவும் அறிவிக்காமல் தன் சொந்த ஒலிவாங்கியிலேயே பதிந்துகொண்டிருக்கும். மூன்று வளைய வயரையோ மாற்றியையோ வாங்குங்கள், 3.5 மில்லிமீற்றர் துளையே இல்லாத தொலைபேசிக்கு யூஎஸ்பி-சி மாற்றியும் தேவைப்படும். பூட்டிய பின் பதிவை ஓடவிட்டு, ஒலிவாங்கியை நகத்தால் மெல்லச் சுரண்டி, அந்தச் சத்தம் உரத்துப் பதிகிறதா என்று கேட்ட பிறகே நேர்காணலைத் தொடங்குங்கள்.